நான்காம் வினா

கிரேக்க உரோம நாகரிகம், இரண்டாம் பகுதி.
மண்டபத்தில் எட்டுப் பேர், மூன்று மின்விசிறி,
அதில் ஒன்று சுற்றும்.
வாசலில் ஒரு புள்ளிமான்
யாரோ போட்ட வடைத்தாளை மென்றுகொண்டு நிற்கிறது.
திருகோணமலையில் மான்களிடம் மட்டும்தான்
ஒரு காலத்திலும் அடையாள அட்டை கேட்டதில்லை.

ரூபிக்கன் ஆற்றைத் தளபதி படையுடன் கடந்தமை
குடியரசின் முடிவுக்கு எவ்வாறு வழிகோலியது? விளக்குக.
புள்ளித்திட்டம் மேசையில் இருக்கிறது:
செனட்டின் கட்டளை மீறப்பட்டமை, இரண்டு.
பதவி ஆசை, மூன்று.
வீரரின் விசுவாசம் அரசை விட்டு ஆளுக்கு மாறியமை, நான்கு.
மிச்சம் உதாரணங்களுக்கு.

எல்லாரும் ஒரே டியூசன் கொப்பியில் படித்திருக்கிறார்கள்.
பகடை உருண்டுவிட்டது, பகடை உருண்டுவிட்டது என்று
எண்பது தாள் ஒரே சத்தம்.
எண்பத்தோராவது தாள்
குனிந்த எழுத்தில் இப்படித் தொடங்கியது:

"அது பெரிய ஆறு இல்லை. முழங்கால் அளவு தண்ணீர்.
தளபதி கரையில் நின்று யோசித்தது
எல்லாப் புத்தகத்திலும் உண்டு.
அவருக்குப் பின்னால் நின்ற ஐயாயிரம் பேர்
என்ன யோசித்தார்கள் என்று ஒன்றிலும் இல்லை.
அவர்கள் திரும்பிப் பார்க்கவில்லை.
ஊதியம் தருபவர் முன்னால் போனார்.
அக்கரையில் அன்று மாடு குளிப்பாட்டிக்கொண்டிருந்தவன்
என்ன செய்தான் என்று வினாவில் கேட்கப்படவில்லை.
நான் அதற்கு விடை எழுதுகிறேன்."

இரண்டு இடத்தில் ஒரு சொல் வெட்டப்பட்டு
மேலே ரூபிக்கன் என்று எழுதியிருந்தது.
வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தேன்.
கோட்டுக்குக் கீழே, நீல மையில், வெருகல்.

பக்கத்துக் கதிரையில் பைறூசா எட்டிப் பார்த்தாள்.
"ஈச்சிலம்பற்றைப் பிள்ளையோ?"
"சுட்டெண் ஊர் சொல்லாது" என்றேன்.

வெளியே உள்ளூராட்சித் தேர்தல்.
மாலைக்குள் புதைந்த ஒரு வேட்பாளர்
திறந்த ஜீப்பில் கைகூப்பிக்கொண்டு போகிறார்.
வென்று வரும் உரோமத் தளபதியின் தேரில்
அடிமை ஒருவன் பின்னால் நின்று
நீயும் சாகிறவன்தான் என்று ஓதுவானாம்.
இவருக்குப் பின்னாலும் ஒரு பொடியன்
காதுக்குள் குனிந்து ஏதோ சொல்கிறான்.
பெற்றோல் முடியப்போகுது என்றிருக்கும்.

ஐந்தாம் வினா பெயர்ப்பட்டியல் பற்றியது.
கொல்லத்தக்கவர் பெயர்களை
வெள்ளைப் பலகையில் எழுதி
மன்றத்தில் தொங்கவிட்டார்களாம்.
அந்த வினாவைத் திருத்த நான் கேட்பதில்லை.
எங்களுக்குப் பலகை வரவில்லை.
ஜீப்புக்குள் ஒரு சாக்கு வந்தது,
சாக்கில் இரண்டு ஓட்டை, ஓட்டைக்குள் கண்.
வரிசையில் என் அண்ணா பதினேழாவது ஆள்.
சாக்கு ஒருமுறை மேலும் கீழும் அசைந்தது.
அவ்வளவுதான். எழுத்தறிவு தேவைப்படவில்லை.

துறைமுகத்தில் கடற்படையின் பன்னிரண்டு மணிச் சங்கு.
தேநீர் ஆடை கட்டிவிட்டது.

பிரதம பரீட்சகர் குணநாயகம் சேர்
என் தோளுக்குப் பின்னால் நின்று வாசித்தார்.
கண்ணாடியைக் கழற்றினார், துடைத்தார்,
மறுபடி போட்டுக்கொள்ளவில்லை.
"திட்டத்தில் இல்லாததுக்குப் புள்ளி இல்லை, மிஸ்"
என்றார், ஜன்னலைப் பார்த்தபடி.
தெரியும், சேர்.

செனட், பூச்சியம்.
பதவி ஆசை, பூச்சியம். அந்த ஆசையை இந்தப் பிள்ளை
ஒரு வரியிலும் மதிக்கவில்லை.
விசுவாசம், நான்கு. ஊதியம் தருபவர் முன்னால் போனார்.
பிறகு கடைசிப் பந்தி:

"அவன் கயிற்றை விட்டுவிட்டு ஓடினான்.
உலையில் அரிசி இருந்தது, இறக்க நேரமில்லை.
படை போனபின்
மாடு தானாக ஆற்றைக் கடந்து வீட்டுக்கு வந்தது.
வீடு இல்லை.
மாடு அந்த இடத்திலேயே படுத்தது.
குடியரசு இவ்வாறு முடிந்தது."

உதாரணம் என்று ஓரத்தில் குறித்தேன்.
புள்ளிகளை இலக்கத்திலேயே இடுக என்கிறது விதி.
சிவப்பு மையில்
எழுத்தில் எழுதினேன்:
ஆறு.