மூஹு தீவு, இரண்டாம் வகுப்பு, வெள்ளிக்கிழமை

அன்புள்ள பெற்றோருக்கு
என்று எழுதி, அடித்தேன்.
ஒன்பது பிள்ளைகளில் மூவருக்குக்
கையெழுத்துப் போடுவது அக்காவோ மாமாவோ.
அன்புள்ள வீட்டாருக்கு.

இந்த வாரம் மணி பார்க்கக் கற்றோம்.
பெரிய முள் சின்ன முள்ளை
முந்தும் போதெல்லாம் லீனுஸ் கைதட்டுகிறான்.
நம் எஸ்டோனிய மொழியில் "அரை நான்கு" என்றால் மூன்றரை.
ஏன் என்று ஹால்டி கேட்டாள்.
நான்கை நோக்கிப் பாதி வழி வந்தாயிற்று, அதனால் என்றேன்.
அப்படியானால் எனக்கு "அரை எட்டு வயது" என்றாள்.
மறுக்க எனக்குத் தெரியவில்லை.
வீட்டிலும் அப்படித்தான் சொல்வாள், திருத்த வேண்டாம்.

பட்டாணி முளைத்துவிட்டது,
தயிர்க் கிண்ணங்களில், ஜன்னலோரம்.
(எட்டுதான் முளைத்தன. புதன் சாயங்காலம்
எல்லோரும் போனபின் ஒன்பதாவது கிண்ணத்தில்
முளைவிட்ட ஒன்றை நான் நட்டுவைத்தேன்.
வியாழன் காலை பிர்கித் குனிந்து பார்த்தாள்.
"இது என் பட்டாணி இல்லை,
என்னுடையது மேல்பக்கம் சொட்டையாக இருக்கும்."
இதைக் கடிதத்தில் எழுதப் போவதில்லை.)

பேன் பற்றி:
யார் தலையிலிருந்து வந்தது என்று கேட்டு
எனக்கு போன் செய்ய வேண்டாம்.
என் தலையிலும் இருக்கிறது.

ஹீட்டர் மேல் ஒற்றைக் கையுறைகள் ஏழு.
இளஞ்சிவப்பில் ஆரஞ்சுப் பூ பின்னியது
மூன்று வாரமாகக் காய்கிறது.
அவ்வளவு அழகாகப் பின்னியவர்
இன்னுமா தேடவில்லை?

வீட்டுப்பாடம்: உங்கள் வீட்டில்
இரவுச் சாப்பாடு எத்தனை மணிக்கு?
கடிகாரம் வரைந்து வரச் சொன்னேன்.
ஐந்தரை, ஆறு, ஆறேகால்,
ஒரு வீட்டில் நாலே முக்கால்.
ரூபன் வரைந்ததில் பன்னிரண்டு எண்களும் இருந்தன,
நேர்த்தியாக, பென்சிலை நன்றாக அழுத்தி.
முள் மட்டும் இல்லை.

மறந்துவிட்டாயா என்றேன்.
"அப்பா ஃபெர்ரியில் இருக்கிறார்" என்றான்.
"காற்று விட்டால்தான் வருவார்.
வந்தால்தான் சாப்பாடு."

மற்ற எட்டுக்கு நடுவே அதையும் சுவரில் குத்தினேன்.
கடிதத்தில் ஒரே வரி:
சுவரில் ஒன்பது கடிகாரங்கள், வந்து பாருங்கள்.

வரும் வியாழன் மாலை ஆறு மணிக்கு
பிள்ளைகளே கறுப்பு ரொட்டி சுட்டுப் பரிமாறுவார்கள்.
கீழே உள்ள துண்டைக் கிழித்து,
வருவேன், வரமாட்டேன் இரண்டில் ஒன்றைக் குறித்து
திங்களன்று கொடுத்தனுப்பவும்.

*

திங்கள்.
துண்டுகள் ஒன்பதும் வந்துவிட்டன.
ஒன்றில் ஜாம் கறை.
ரூபனுடையதில் இரண்டு கட்டமும் காலி.
திருப்பினால் பின்பக்கம் பென்சிலில்,
மகனைப் போலவே அழுத்தி எழுதியிருந்தது:
"ஐந்தே முக்கால் படகு என்னுடையது.
காற்று இல்லையென்றால் ஆறே முக்காலுக்கு வாசலில் நிற்பேன்.
இருந்தால் தெரியாது.
எந்தக் கட்டத்தில் குறிப்பது?"

நகல் எடுக்கும் இயந்திரம்
மதியம் வரை சூடாகவில்லை.
அதற்குள் யோசித்து முடித்தேன்.

அன்புள்ள வீட்டாருக்கு, ஒரு திருத்தம்:
வியாழன் நிகழ்ச்சி ஆறுக்கு இல்லை, ஏழுக்கு.
பள்ளி அடுப்பு மெதுவானது.
(அடுப்பு சரியாகத்தான் இருக்கிறது.
அதன் மேல் பழி போட்டால் அது கோபித்துக்கொள்ளாது.)

ரூபன் அந்தத் தாளை
எழுத்துக் கூட்டி இரண்டு முறை படித்தான்.
பிறகு நாற்காலியை இழுத்துப் போட்டு ஏறி
தன் கடிகாரத்தைக் கழற்றித் தரச் சொன்னான்.
மேஜையில் வைத்து
சின்ன முள்ளை மட்டும் வரைந்தான்,
ஏழைத் தொட்டும் தொடாமலும்.
பெரிய முள்?
"அதைக் காற்று போடட்டும்" என்றான்.

மறுபடி குத்தினேன். கொஞ்சம் சாய்ந்திருக்கிறது.

பின்குறிப்பு: முற்றத்தில் பனி உருகிச் சேறு.
மாற்றுக் காலுறை ஒரு ஜோடி, பெயரெழுதி,
தயவுசெய்து இரண்டையும் அனுப்பவும்.

ஐலி