கட்டைவிரல்

குளிர்பெட்டிக் கதவில் மூன்று இடங்கள்,
என் கிறுக்கல் எழுத்தில்.
வணிக வளாகம்: ஒன்றரை மணி நேர வரிசை,
படத்துக்கு நாற்பது டாலர், கண்ணை மூடினாலும் அதே விலை.
நாற்றுப் பண்ணை: வெள்ளாட்டுக்குக் கொம்பு கட்டி
கலைமான் என்பார்கள். ஆங்கஸுக்கு அது போதும்,
இரண்டு வயது, வால் இருந்தால் எதையும் நம்புவான்.
கடல்மீட்புக் கழகம்: இலவசம்.
படகில் வந்து இறங்குவார்,
அலை விட்டால்.

பர்னியில் டிசம்பர் என்றால்
இரவு ஒன்பதுக்கும் அணைய மறுக்கும் வெளிச்சம்,
ஜலசந்திக் காற்று,
கம்பளிச் சிவப்புக்குள் வெந்துகொண்டிருக்கும் யாரோ ஒருவர்.

"மூணும் தப்பு" என்றாள் பெட்ரா.
ரொட்டியின் ஓரத்தை மட்டும் தின்றுகொண்டிருந்தாள்.
"போன வருஷத்து ஆள்தான் வேணும்."

எல்லா இடத்திலும் அவர் ஒருத்தர்தான் கண்ணா என்றேன்.
அம்மாக்கள் சொல்லவேண்டியது அதுதான்.

"அவருக்குக் கட்டைவிரல்ல தழும்பு இருந்துது.
நான் தொட்டுப் பாத்தேன்.
ஒண்ணு சொன்னேன் அவர்கிட்ட.
செஞ்சாரான்னு கேக்கணும்."

என்ன சொன்னாய்?
உதடுகளை உள்ளே மடித்துக்கொண்டாள்,
கடித உறையை ஒட்டுவதுபோல.

அன்றைக்கு மூன்றடி தூரத்தில்தான் நின்றேன்,
ஆங்கஸின் மூக்கைத் துடைத்துக்கொண்டு.
படம் இன்னும் இருக்கிறது:
அவள் வாய் அவர் காதருகே,
அவர் கேமராவைப் பார்க்கவில்லை.
இன்னொன்று எடுக்கவா என்று கேட்டார்கள்,
போதும் என்றுவிட்டேன். வண்டி நிறுத்தக் கட்டணம்
ஓடிக்கொண்டிருந்தது.

அந்த ஆண்டு காலமும் நானும்
சலவை அறைக் கதவைச் சாத்திக்கொண்டு பேசினோம்.
பேசினோம் என்றே வைத்துக்கொள்வோம்.
இயந்திரம் ஓடினால் வெளியே கேட்காது
என்று நினைத்திருந்தோம்.

பிப்ரவரியில் அந்தக் கடையை மூடிவிட்டார்கள்.
இப்போது அங்கே மெத்தை விற்கிறது.
நாற்காலி நின்ற இடத்தில் இரட்டைப் படுக்கை,
அரை விலைக்கு.
மருந்துக்கடை லினெட் சொன்னாள்,
டெஸ்மண்ட்டாக இருக்கும், காகித ஆலையில் இருந்தவன்,
இடுப்பு அறுவை முடிந்து மகள் வீட்டுக்குப் போய்விட்டான்.
எண் கொடுத்தாள்.
இரண்டு முறை அடித்தது. மூன்றாம் முறை
எடுத்துவிடுவாரோ என்று பயந்து
நானே வைத்துவிட்டேன்.
என்ன கேட்பேன்?
என் மகள் எங்களைப் பற்றி என்ன சொன்னாள் என்றா?

சனிக்கிழமை அலை விட்டது.
படகிலிருந்து முழங்கால் தண்ணீரில் குதித்தார்,
காலணிக்குள் கடலோடு நடந்து வந்தார்,
ஒவ்வொரு அடிக்கும் சளக், சளக்.
ஆங்கஸ் தாடியைக் கண்டதும் அலறி
காலமின் தோளில் ஏறிக்கொண்டான்.

பெட்ரா மடியில் உட்காரவில்லை.
எதிரே நின்று
அவருடைய கையுறையை உருவினாள்,
ஒவ்வொரு விரலாக, பொறுமையாக.
பிறகு மற்றொன்றை.
இரண்டு கட்டைவிரல்களையும் வெயிலில் திருப்பிப் பார்த்தாள்.
பின்னால் முப்பது குடும்பங்கள்.
யாரோ இருமினார்கள்.
அவர் என்னைப் பார்த்தார், நான் மணலைப் பார்த்தேன்.

"நீங்க இல்ல" என்றாள்.
கோபமில்லை. பேருந்து எண் தப்பு
என்று சொல்வதுபோல.
"பரவால்ல. அவரைப் பாத்தா சொல்லிடுங்க.
பாதி நடந்திருக்கு.
மீதிக்கு அவசரமில்ல."

சொல்லிவிடுகிறேன் என்றார் அந்த ஆள்,
சிரிக்காமல். அதற்காகவே
அவருக்கு ஒரு பீர் வாங்கித் தந்திருக்கலாம்.

காலம் ரொட்டியில் சுருட்டிய சாசேஜ் இரண்டு வாங்கி வந்தான்,
ஒன்றில் வெங்காயம் இல்லாமல், எனக்கு.
கேட்டு வாங்கியிருக்கிறான்.
சீட்டில் சாஸ் சொட்டாமல் சாப்பிடு என்றான்.
வண்டி முழுக்க மணல்.

வீடு வரும்வரை
பாதி எது என்று யோசித்துக்கொண்டே வந்தேன்.
பின்சீட்டில் பெட்ரா
தன் கட்டைவிரலையே பார்த்துக்கொண்டு
தூங்கிப்போயிருந்தாள்.