கழிவு

மார்ச் முப்பது, இரவு ஒன்பதேகால்.
ஆடிட்டர் கொட்டாவியோடு சொல்கிறார்:
"பொருளாக் கொடுத்தா எண்பது ஜி கிடையாது மேடம்.
வித்துட்டுக் காசாக் கொடுங்க."

விற்றால் நாற்பத்தைந்தாயிரம்.
பாதிதான் கழிவு, அதில் முப்பது சதம்:
ஆறாயிரத்து எழுநூற்றைம்பது மிச்சம்.
டயாலிசிஸ் இல்லத்துக்கு வேண்டியதோ
கார்.

கம்மனஹள்ளி மழையில் இரண்டு முறை மூழ்கி
இரண்டு முறையும் இருமிக்கொண்டே எழுந்த வண்டி.
இடப்பக்கக் கண்ணாடி ஏற
உள்ளங்கையால் தூக்கிவிட வேண்டும்.
அதையும் சொல்லித்தான் சாவியைக் கொடுத்தேன்.
"பரவாகில்லா மேடம்" என்று சித்தலிங்கப்பா
இருக்கையைப் பின்னுக்குத் தள்ளினார்.
பதினோரு வருஷம் என் முழங்கால் அளவில் நின்றது
ஒரே இழுப்பில் போனது.

ரசீதில், தொகை என்ற இடத்தில்
ஒரு கோடு.

ஏப்ரல். மீட்டிங் நடுவே போன் அதிர்கிறது:
நெலமங்கலா சுங்கச்சாவடி,
முப்பது ரூபாய் கழிக்கப்பட்டது.
ஃபாஸ்டேக் இன்னும் என் பேரில்.
யாரையோ கூட்டிவரப் போகிறது, தும்கூர் பக்கம்.
வெள்ளிக்கிழமை மறுபடி.
திங்கட்கிழமை, விடியுமுன்.

நாளைக்குக் கட்டாயம் மாற்றிவிட வேண்டும்
என்று நினைத்தபடி
டேகில் ஐந்நூறு போட்டு வைத்தேன்.