அவசர நிறுத்தம்

அங்கே பகல் பன்னிரண்டு என்றால்
பெகுவில் இரண்டரை.
கரண்ட் ஒன்பதுக்கு வந்து ஒன்றுக்குப் போகும்.
ஆக, என் எதிர்காலத்துக்கு
ஒன்றரை மணி நேர மின்சாரம் குறைகிறது.

கோ அவுங்கின் டீக்கடையில் சோலார் உண்டு.
பின்கட்டில், பால்டின் அடுக்கிய சுவருக்கு முன்னால்
ஒரு ஸ்டூல் தருவதாகச் சொல்லியிருக்கிறார்.
டின்கள் தெரியாமலிருக்க வெள்ளை விரிப்பு.
மேலே இஸ்திரி போட்ட சட்டை, இரவல் டை.
கீழே லுங்கி.
எழுந்து நில் என்று சொல்ல மாட்டார்கள் என்பது
எங்கள் நம்பிக்கை.

இரண்டு சுற்று தாண்டியாயிற்று, இது கடைசி.
மூன்று இன்டர்வியூவில் தேறாத வேதவல்லிதான்
எனக்குப் பயிற்சி.

நாலு நாளாக வெற்றிலை போடவில்லை.
உப்பு, அடுப்புச் சாம்பல், எலுமிச்சை,
நேற்று ஆப்பசோடா.
பதினாலு வயதில் ஏறத் தொடங்கிய கறை
நாலு நாளில் இறங்குமா?
"சிரி" என்கிறாள்.
சிரிக்கிறேன்.
"வாயை மூடிக்கொண்டு சிரி."
அப்படிச் சிரிப்பவனை நம்பி
எந்தப் பிள்ளை ராட்டினத்தில் ஏறும்?

"பெயர்?"
அழகேசன்.
"பாஸ்போர்ட்டில் இருப்பது."
மாங் தான் நைங்.
"வயது?"
இருபத்தாறு.
"காதில் விழவில்லை."
இந்த ஊரில் அந்த எண்ணை
மெதுவாகச் சொல்லியே பழகிவிட்டது.

"முன் அனுபவம்?"
ஏழு வருஷம். பகோடாத் திருவிழா ராட்டினம்.
"மோட்டார் எத்தனை குதிரைசக்தி?"

மோட்டார் ஏது, வேதா?
தெரியாதவள் போலக் கேட்கிறாய்.
பச்சைத் தொட்டியில் கண்ணை இறுக்கிக்கொண்டு
நீயும் ஏறியவள்தானே.
ஆறு பேர் கம்பி கம்பியாகப் பிடித்து உச்சிக்குப் போவோம்.
அங்கே ஒரு நொடி எல்லாம் நிற்கும்,
பகோடாவின் தங்கம் கைக்கெட்டும் போல இருக்கும்.
பிறகு விசில்.
ஆறு உடம்பும் ஒரே பக்கமாகத் தொங்கும்.
நாங்கள் விழுவோம், சக்கரம் சுற்றும்.
தரை வருவதற்குள் குதித்துவிட வேண்டும்.
அவ்வளவுதான் தொழில்நுட்பம்.

அவள் நோட்டில் எழுதுகிறாள்:
'கைமுறை இயக்கத்தில் நல்ல அனுபவம்.'

"அவசர நிறுத்தம் எங்கே இருந்தது?"

கோ ஸோ மியோ.
கீழேயே நிற்பான். நான் கத்தினால்
ஓடிவந்து விளிம்பைப் பிடித்துத்
தானும் இழுபட்டு, இழுபட்டு, நிறுத்துவான்.
ஒரு தடவை உச்சித் தொட்டியில்
ஒரு பிள்ளை எழுந்து நின்றுவிட்டது.
அன்று அவன் குதிகால்கள் உழுத இரண்டு கோடுகள்
மழை வரும்வரை மைதானத்தில் கிடந்தன.
போன வருஷத் திருவிழாவுக்கு அவன் வரவில்லை.
எங்கே என்று
யாரும் யாரிடமும் கேட்கவில்லை.

"இதைச் சொல்லாதே" என்கிறாள்.
கொஞ்ச நேரம் கழித்து,
"சிவப்புப் பொத்தான் என்று சொல்."

சிவப்புப் பொத்தான்.
சிவப்புப் பொத்தான்.
ஆங்கிலத்தில் பத்துத் தடவை.

மணி ஒன்று. மின்விசிறி
இன்னும் இரண்டு சுற்றுக் கடனாக வாங்கிச்
சுற்றிவிட்டு நின்றது.

"கடைசியில், உனக்கு எங்களிடம்
ஏதாவது கேட்க வேண்டுமா என்பார்கள்.
இல்லை என்று மட்டும் சொல்லிவிடாதே.
சம்பளம் கேட்காதே. லீவு கேட்காதே."

ஒன்று இருக்கிறது.
கரண்ட் போனால்
உங்கள் ராட்டினத்தின் உச்சியில் இருப்பவர்களை
யார் இறக்குவார்கள்?

வேதா பென்சிலைக் கடிக்கிறாள்.
கேட்கலாமா கூடாதா,
இன்னும் முடிவாகவில்லை.
டை முடிச்சு அவளுக்கும் வரவில்லை, எனக்கும்.
தெருவிலிருந்து கோ அவுங்கின் குரல்:
பேட்டரியில் நாற்பது சதவீதம்தான் இருக்கிறதாம்,
சுருக்கமாகப் பேச வேண்டுமாம்.