ஒன்பதரை

இங்கே ஒரு ரியாலுக்கு ஆயிரம் பைசா.
அதை நம்பவே எனக்கு ஒரு வாரம் ஆனது.

புரைமியில் எங்கள் டயர்க் கடையில்
இரண்டு டிராயர்.
இடது பக்கம் ரியால், வலது பக்கம் திர்ஹம்.
வங்கியில் ஒன்றுக்கு ஒன்பதரை,
எங்கள் கல்லாவில் ஒன்றுக்குப் பத்து.
யாரும் கேட்டதில்லை.
வெயிலில் நிற்பவனுக்குப் பின்னம் பிடிக்காது.

அந்த அரை எங்களுடையது.
அரையில் ஏசி ஓடியது.
அரையில்தான் முதலாளி ஹுமைத்
மூன்றாவது மாடி எழுப்பினார்,
என் தங்கை நர்ஸிங் முடித்தாள்.
அரைக்காசு உத்தியோகமானாலும்
அரண்மனை உத்தியோகம் என்பார்கள்.
அரை சரியாக இருந்தது.
அரண்மனைக்குத்தான் கிரீஸ் வாடை.

அப்போது அல் ஐன் என்பது
சிக்னலுக்கு அந்தப் பக்கம்.
ரப்பர் செருப்போடு போய்
டீ குடித்துவிட்டு வருவோம்.
மாலையானால் அங்கிருந்து வண்டிகள் வரும்,
டயருக்கு, அபாயா தைக்க, ஆட்டுத்தீவனத்துக்கு.
வாடகை குறைவென்று இங்கே குடியிருந்து
அங்கே போய்ப் பாடம் நடத்திய
வாத்தியார்களே ஒரு தெரு இருந்தார்கள்.

கம்பி ஒரே நாளில் வரவில்லை.
முதலில் குழி. பிறகு தூண்.
தூண்களுக்கு இடையில் இரண்டு மாதம்
ஆடுகள் போய்வந்தன.
தூண் நட்டவர்கள் எங்களிடம்தான் பஞ்சர் ஒட்டினார்கள்,
ஒன்றுக்குப் பத்து கொடுத்து.
அந்த இரண்டு மாதம் நல்ல வியாபாரம்.

பிறகு வாத்தியார்கள் கட்டில் ஏற்றிப் போனார்கள்.
எங்கள் வரிசையில் பதினொரு ஷட்டர்.
ஒருநாள் எண்ணிப் பார்த்தேன், நாலு திறந்திருந்தது.
அதில் ஒன்று
இறக்க முடியாமல் சிக்கிக்கொண்டது.

அந்தப் பக்கம் வரி போட்ட வருஷம்
மறுபடி வந்தார்கள்.
நூற்றுக்கு ஐந்து மிச்சம் பிடிக்க
நாற்பது நிமிஷம் எஞ்சினை ஓடவிட்டு
செக்போஸ்டில் நின்று வந்தார்கள்.
குல்சார் கான் பூட்டின கடைக்கு
வெள்ளையடித்துத் திறந்தான்.
இந்தப் பக்கமும் வரி வந்தது.
அவனே பூட்டினான்.
சுவரில் வெள்ளை இன்னும் பளிச்சென்றிருக்கிறது.

இப்போது வருகிறவர்கள் கார்டு தேய்க்கிறார்கள்.
மெஷினுக்கு வெயில் உறைப்பதில்லை.
ஒன்பது புள்ளி ஐந்து மூன்று என்று
நிதானமாக அச்சடிக்கிறது.
நம்ம அரை எங்கே போகிறது என்றான்
ஹுமைதின் மகன்.
மாடியில் இருப்பவரைக் கேள் என்றேன்.

நேற்று வலது டிராயரைத் துடைத்தேன்.
எழுத்து வெளுத்த ரசீது, இரண்டு வால்வு மூடி,
மூலையில் ஏழு பக்கத்தோடு
ஓர் அரைத் திர்ஹம்.

ராத்திரி ஒருவர் வந்தார்.
அல் ஐன் நம்பர் பிளேட், பின் டயரில் ஆணி,
கையில் நூறு திர்ஹம் தாள்.
ரியாலுக்கு எத்தனை போடுவாய் என்றார்.
பத்து என்றது என் வாய்.

அவர் போனை எடுத்துக் கணக்குப் போட்டார்.
பிறகு என்னைப் பார்த்தார்.
ஆணியை அதற்குள் பிடுங்கியிருந்தேன்.
டயர்
காற்று விட்டுக்கொண்டிருந்தது.