நூறு பீஸுக்கு எத்தனை

அனுப்பர்பாளையம் சுகாதார நிலையம்,
செவ்வாய்க்கிழமை, பதினொன்றரை.
துப்பட்டாவில் பஞ்சுத் தூசியோடு
வந்து உட்கார்ந்தாள் கோகிலவாணி.
வயது பத்தொன்பது. எடை முப்பத்தொன்பது.
ரத்தம் எட்டு புள்ளி நான்கு.
கல்யாணமாகி ஐந்து மாதம்.
பனியன் கம்பெனியில் செக்கிங்.

மாத்திரை அட்டையைக் காட்டினேன்.
வெள்ளை இருபத்தொன்று, பழுப்பு ஏழு.
"வெள்ளையில ரெண்டு மருந்து சேர்ந்திருக்கு,
பழுப்பு வெறும் இரும்புச்சத்து,
தெனமும் ஒண்ணு, ஒரே நேரம்."
பதினாறு வருடமாக இதே வாக்கியம்.
கவனமில்லாமலே என் வாய்
ஓவர்லாக் அடித்துக்கொண்டு போகும்.

அவள் கேட்டாள்:
"ஏனுங்க்கா, நூறு பீஸுக்கு
எத்தனை டேமேஜ் வருமுங்?"

யாரும் இப்படிக் கேட்டதில்லை.
குண்டாகிப் போவேனா என்பார்கள்.
பின்னால கொழந்தையே நிக்காதாமே என்பார்கள்.
ஒன்றும் கேட்காமல்
கதவையே பார்த்துக்கொண்டிருப்பார்கள்,
மாமியார் வெளியே பெஞ்சில் இருந்தால்.

சொன்னேன்.
ஒரு நாள் விடாமல் விழுங்கினால்
வருஷத்தில் நூறு பேருக்கு
ஒருத்திகூட முழுதாக இல்லை.

"அது சாம்பிள் பீஸுங்க்கா,
பையருக்கு அனுப்பறது.
பல்க்ல எப்படி வரும், அதைச் சொல்லுங்."

பல்க்கில் ஏழு.
வாந்தியெடுத்த ராத்திரி,
அட்டை தீர்ந்துபோன ஞாயிறு,
நோம்பிக்குப் போனது ஒரு பை
மாத்திரை இருந்தது வேறு பை,
விடியக்காலம் நாலு மணிக்கு ஷிப்ட் விட்டு
நேற்று எது இன்று எது என்று
பிரித்தெடுக்க முடியாத ஷிப்மெண்ட் வாரம்.
எல்லாம் சேர்ந்து ஏழு.
உன் வயசில் கொஞ்சம் கூடலாம்
என்பதையும் மறைக்கவில்லை.

"ஏழு வந்தா எங்க கம்பெனியில
லாட்டையே திருப்பிடுவாங்க" என்றாள்.

ஆணுறையையும் சேர்த்துக்கொள் என்றேன்.
தனியாகப் பார்த்தால் அது
இன்னும் கண் மங்கிய செக்கர்,
நூற்றுக்குப் பதின்மூன்று தப்பவிடும்.
ஆனாலும் இரண்டு மேஜை.
இந்த மேஜையில் தப்பியது அதில் மாட்டும்.
மருந்துக் கவரின் பின்புறம்
பெருக்கிக் காட்டினேன்.
ஒன்றுக்கும் கீழே வந்தது.

வெகுநேரம் கவரையே பார்த்தாள்.
"ரெண்டு செக்கரும் ஒரே நாள் தூங்கிட்டா?"

பேனா மூடியைத் தேடினேன்.

என் பெருக்கலில் அந்த இருவருக்கும்
ஒருவரை ஒருவர் தெரியாது.
அவள் லைன் வீட்டிலோ
இருவருக்கும் ஒரே பாய், ஒரே ஓவர்டைம்.
அவள் மாத்திரை மறக்கும் ராத்திரியில்தான்
அவனும் சொல்வான்
இன்னிக்கு ஒரு நாள்தானே என்று.
அதற்குச் சதவீதம்
எந்தப் பதிவேட்டிலும் இல்லை.

ஞாபகத்தை நம்பாத வழிகளும் இருக்கு,
ஊசி, காப்பர்-டி என்று ஆரம்பித்தேன்.
"அதுக்கு வீட்டுல கேக்கோணுமுங்" என்றாள்,
அந்தப் பேச்சு அங்கே நின்றது.

புறங்கையில் வரிசையாக ஒட்டியிருந்த
சிவப்பு அம்பு ஸ்டிக்கர்களில் ஒன்றை உரித்து
அட்டையின் முதல் குமிழுக்கு நேராக ஒட்டினாள்.
டேமேஜ் எங்கே என்று காட்டும் அம்பு.
"இது ஆரம்பமுங்.
விட்டுப்போற நாளுக்கும் ஒண்ணு ஒட்டறேன்.
ரெண்டு அம்பு சேர்ந்தா
அன்னைக்கே ஓடி வந்தர்றேன்."

மூன்று அட்டை, இருபது ஆணுறை.
ஒவ்வோர் அட்டையையும்
ஜன்னல் வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்து
ஓட்டை பார்த்துத்தான் வாங்கினாள்.
அரை மணி பெர்மிஷன்,
எட்டு நிமிஷம் பாக்கி.

வாசலுக்கு எதிரே, புளியமர நிழலில்,
ஹெல்மெட்டைக் கழற்றாமல்
பைக்கில் உட்கார்ந்து போன் பார்த்தபடி ஒருவன்.

"அவரையும் உள்ளே கூப்பிடு."
"அவரெங்கீங் வருவாரு."

அடுத்த டோக்கனை இருக்கச் சொல்லிவிட்டு
ஆணுறைப் பொட்டலத்தைக் கையில் எடுத்துக்கொண்டு
நானே வெயிலில் இறங்கினேன்.