சாய்

நான்கு மணி பத்து நிமிடம் ஓடும் படம்.
ராயப்பேட்டையில், ஜெராக்ஸ் கடைக்கு மேலே,
பிளாஸ்டிக் நாற்காலி போட்ட அறையில்
இருபத்தாறு பேர் வந்தார்கள்.
இடைவேளைக்குப் பின் ஒன்பது.

தமிழ் வரிகள் நான் போட்டது.
சீனம் தெரியாது. ஆங்கில வரிகளிலிருந்து எடுத்தேன்.
வரிக்கு எட்டு ரூபாய் என்று ஒப்புக்கொண்டது என் பிழை.
இந்தப் படத்தில் யாரும் அதிகம் பேசுவதில்லை.

ஒரு பெண் கரிக்கட்டிகளை
மாடிப்படியில் ஏற்றுகிறாள். பதினொரு நிமிடம், வெட்டே இல்லாமல்.
இரண்டு கட்டி உடைகிறது.
உடைந்ததையும் பொறுக்கி அடுக்குகிறாள்.
கேமராவுக்குப் பின்னால் இருப்பவன் ஒருமுறை இருமுகிறான்.
அந்த இருமலுக்கு நான் வரி போடவில்லை.
போட்டிருக்கலாம்.

பிறகு ஆட்கள் வருகிறார்கள்.
சிவப்புப் பெயிண்ட், மயிர் கொட்டிய பிரஷ்.
அவள் சுவரில் ஒரே ஓர் எழுத்து,
அதைச் சுற்றி வட்டம்.
'இடிக்கப்படும்' என்றது ஆங்கிலம்.
அவள் மகன், பல் துலக்கிக்கொண்டே,
அதை வாய்விட்டு வாசிக்கிறான்:
சாய்.

ஹெட்போனைக் கழற்றினேன். மாட்டினேன். மறுபடி ஓடவிட்டேன்.
சாய்.
மரத்தைச் சாய்.
பொழுது சாய்வதற்குள் வீடு வந்து சேர்.
கால் வலித்தால் சுவரில் கொஞ்சம் சாய்.

கூவம் கரையில் எங்கள் சுவருக்கு எழுத்து வரவில்லை,
எண் வந்தது. 214/ஆ.
வழிந்து ஸ்விட்ச் போர்டு வரை இறங்கியது.
மண்ணெண்ணெய் தொட்டுத் துடைத்தோம்.
சுவர் முழுக்க இளஞ்சிவப்பானது,
எண் அப்படியே நின்றது.
படம் பிடிக்க ஒருவர் வந்தார், ஆபீசிலிருந்து.
கொஞ்சம் தள்ளி நில்லுங்கள் என்றார்,
எண் மட்டும் விழ வேண்டுமாம்.

அந்த ஒரு வரியை மட்டும் நீக்கிவிட்டேன்.
எட்டு ரூபாய் போனது.

திரையிடலில், பையன் வாசித்த நொடியில்,
சாவிக்கொத்தோடு கடைசி வரிசைக்குப் பின்னால் நின்றிருந்த
வாட்ச்மேன் எத்திராஜுலு
"இன்னாப்பா, தமிழ்ல சொல்றான்?" என்றார்.
யாரோ உஷ் என்றார்கள்.

முடிந்ததும் கலந்துரையாடல்.
கேமரா ஏன் அசையவே இல்லை என்று ஒருவர்.
எடுத்தவன் இப்போது எங்கே இருக்கிறான் என்று ஒருவர்;
அமைப்பாளர் தொண்டையைச் செருமிக்கொண்டு
பென்டிரைவைச் சட்டைப்பையில் போட்டார்.
எத்திராஜுலு கையைத் தூக்கவில்லை.
"அந்தம்மா அவ்ளோ கரி ஏத்துச்சே,
அது இன்னா ஆச்சு?"

படத்தில் இல்லை.
நாற்பது தடவை பார்த்திருக்கிறேன்,
லாரியில் கட்டில் ஏறுகிறது, தையல் மெஷின் ஏறுகிறது,
கரி ஏறவில்லை.
தெரியலைங்க என்றேன்.
அவர் விளக்கை அணைக்கத் தொடங்கினார்.

பெரும்பாக்கம் வந்து சேரப் பதினொன்றரை.
எட்டாவது மாடி. லிஃப்ட் ஓடி மூன்று வாரம்.
தண்ணீர் கேனை மூன்றாம் மாடித் திருப்பத்தில்
இறக்கி வைத்து, கை மாற்றினேன்.
பின்னால், இருட்டில், யாரோ இருமினார்கள்.

திரும்பவில்லை.
திரும்பினால் காட்சி கெட்டுவிடும்.